இலையில் இல்லாத ஈ

காலை வேளை. ஆபீஸுக்குப் புறப்பட வேண்டிய 24 வயதுப் பிள்ளை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தாயார் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையோ சாதத்தைப் பிசைவதை விட்டுவிட்டு, இடது கையால் இலைக்கு மேலே எதையோ விரட்டி விரட்டிப் பார்க்கிறான்.

"என்னடா செய்கிறாய்?"

"ஈ, அம்மா! எவ்வளவு விரட்டினாலும் போகமாட்டேன் என்கிறது."

"ஈயாவது! இலையில் ஓர் ஈயும் இல்லையே?"

தாயார் சொன்னது வாஸ்தவம். இலையில் ஈ இல்லை. அந்த ஈ பிள்ளையின் வலது கண்ணுக்குள் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அது ஒட்டடை நூலாக நீண்டது. மூன்றாம் நாள் அடுப்புப் புகையைப் போல் ஏதோ ஒன்று கண்ணுக்குள் எழுந்தது. பொழுது சாய்வதற்குள் செந்திரை ஒன்று விழுந்து கண்ணையே மூடிவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்ததே தவிர, எதிரே நீட்டிய விரல்கள் எத்தனை என்று தெரியவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவும் இல்லை. நிலைக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்களும் ஒன்று போலவே பளிச்சென்று இருந்தன.

இது ஒரு தனி மனிதரின் கதையன்று. நம் நாட்டுக் கண் ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களுக்குப் பழகிப்போன கதை. கதாநாயகர் பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்பிள்ளை, திடகாத்திரர், அதற்குமுன் தலைவலி என்று கூடப் படுத்தறியாதவர். வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவரும் அநேகமாக அவராகவே இருப்பார்.

இனி, இந்தக் கதையில் நம்மைப் பெரிதும் கவலைக்கு உள்ளாக்கும் கட்டம் வருகிறது. பிள்ளை மருந்துக் கடைக்குப் போய் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்கிறான். அத்தை, "உடம்பில் உஷ்ணம் ஏறிவிட்டது, எண்ணெய் ஸ்நானம் செய்" என்கிறாள். அண்டை வீட்டார் ஒரு லேகியத்தைச் சிபார்சு செய்கிறார். தாயார் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவதாக வேண்டிக்கொள்கிறாள். ஆறு வாரமோ எட்டு வாரமோ செல்கின்றன. செந்திரை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, பார்வை திரும்பிவிடுகிறது! மருந்துக் கடைக்காரர், அத்தை, லேகியக்காரர் ஆகிய எல்லாரும் அவரவர் பங்குக்குப் பெருமை கொண்டாடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் யோசனை கைவிடப்படுகிறது.

திரையாக நின்றது கண்ணுக்குள் கசிந்த இரத்தம். கசிந்த இரத்தம் பல சமயங்களில் தானாகவே கரைந்துவிடும். ஆனால் அதைக் கசியவிட்ட வியாதி கரைவதில்லை. சில மாதத்தில் மறுபடியும் ஈ வருகிறது. அடுத்த முறை இரத்தம் கரையத் தாமதமாகிறது. சில வருஷங்களுக்குள் மற்றக் கண்ணிலும் ஈ பறக்கத் தொடங்குகிறது.

பர்மிங்ஹாம் டாக்டரின் ஊகம்

இந்த வியாதியை முதன்முதலில் தனியாகப் பிரித்து எழுதி வைத்தவர் ஹென்றி ஈல்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். அதனால் இதற்கு 'ஈல்ஸ் வியாதி' என்று பெயர். (ஈயில் தொடங்கும் வியாதிக்கு ஈல்ஸ் என்று பெயர் வாய்த்தது தமிழுக்கு மட்டும் கிடைத்த விநோதம்.) 1880-ஆம் வருஷத்தில், பர்மிங்ஹாம் நகரில், ஐந்து வாலிபர்களின் விழித்திரையில் திரும்பத் திரும்ப இரத்தம் கசிந்ததை அவர் கண்டார். அவர்களுக்கு மூக்கிலிருந்தும் அடிக்கடி இரத்தம் வந்தது, மலச்சிக்கலும் இருந்தது. மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, மலச்சிக்கல் உள்ளவர்களுக்குத் தேகத்தில் இரத்த ஓட்டம் நிலைகுலைவதால் கண்ணில் குழாய் உடைகிறது என்று ஈல்ஸ் தீர்மானித்தார்!

நேயர்கள் சிரிக்க வேண்டாம். நம் அத்தையின் உஷ்ண சித்தாந்தத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. தானாக வரும், தானாகப் போகும் வியாதியைக் கண்டால் மனித புத்தி, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் பழியையும் புகழையும் சுமத்திவிடுகிறது. ஈல்ஸ் கூர்மையாகப் பார்த்தார். பார்த்ததை நேர்மையாக எழுதினார். காரணம் சொல்லும் இடத்தில்தான் சறுக்கினார். இரத்தக் கசிவோடு கூட அழற்சியும் இருக்கிறது என்பதை 1887-இல் வாட்ஸ்வொர்த் என்ற மற்றொரு டாக்டர் எடுத்துக் காட்டினார்.

அழற்சி என்பதை நாம் எல்லோரும் அறிவோம். காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறதே, அதுதான். எதிரியை எதிர்க்கத் தேகம் தானே மூட்டும் நெருப்பு அது. காலில் மூண்டால் பாதகமில்லை. நான்கு நாளில் ஆறிப்போகும், தழும்பு ஒன்று மிஞ்சும். விழித்திரையோ மிக மெல்லிய நரம்புத் தகடு. அங்கே தழும்பு விழுந்த இடம் குருடு. செத்த நரம்பணு திரும்பவும் முளைப்பதில்லை. வலியை உணரும் நரம்புகள் அதில் இல்லாதபடியால், உள்ளே தீப்பற்றி எரிந்தாலும் வீட்டுக்காரனுக்குச் சேதி வருவதில்லை.

ஈல்ஸ் வியாதியில் இந்த நெருப்பு விழித்திரையின் ஓரங்களில் உள்ள சிரைகளின் சுவரைப் பற்றுகிறது. சுவர் வீங்கி, குழாய் அடைபடுகிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள விழித்திரைக்கு இரத்தம் வருவதில்லை. பட்டினி கிடக்கும் அந்தப் பகுதி சும்மா இருக்குமா? "இரத்தம், இரத்தம்" என்று ஓலமிடுகிறது. அந்த ஓலம் ஒரு ரஸாயனப் பொருளின் வடிவில் கண் முழுவதும் பரவ, அதைக் கேட்டு அவசரம் அவசரமாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. பஞ்ச காலத்தில் கண்டிராக்டர் கட்டிய கட்டடம் மாதிரி, இந்தக் குழாய்களுக்குப் பலம் கிடையாது. ஒரு தும்மலுக்குக்கூட உடைந்துபோகலாம். அப்போதுதான் விழியின் உட்குழிவை நிரப்பி நிற்கும் பளிங்குப் பாகில் இரத்தம் கலக்கிறது. இலையில் ஈ பறக்கிறது. காலம் செல்லச் செல்ல அக்குழாய்களோடு நார்த் தசையும் வளர்ந்து சுருங்கி, சுவரில் ஒட்டிய காகிதத்தை உரிப்பதுபோல் விழித்திரையைப் பிய்த்து எடுத்துவிடுகிறது. அதன் பிறகு கண்மலர் சாத்தியும் பயனில்லை.

ஆகையால் வைத்தியம் ஒன்றல்ல. நெருப்பு எரியும்போது ஒன்று; குழாய் முளைத்த பின் வேறொன்று; இரத்தம் கரையாமல் நின்றுவிட்டால் மூன்றாவது. எந்தக் கட்டத்தில் கண் இருக்கிறது என்று தெரியாமல் செய்யும் சிகிச்சை, இருட்டில் கல்லெறிவதுதான்.

மஞ்சள் சாயமும் ஒரு நாணயமும்

கட்டத்தை அறிவது எப்படி? சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை அகல விரித்து, டாக்டர் உள்ளே பார்க்கிறார். ஓரங்கள் வரையில் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் வியாதி தப்பித்துக்கொள்ளும். பிறகு கையில் உள்ள இரத்தக் குழாயில் ஒரு மஞ்சள் சாயத்தை ஊசி மூலம் ஏற்றி, அது விழித்திரையில் ஓடுவதைப் படம் பிடிக்கிறார்கள். எந்தக் குழாய் கசிகிறது, எந்தப் பகுதி பட்டினி கிடக்கிறது என்பது தேசப் படத்தைப் போலத் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு மேனியும் சிறுநீரும் மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர். அமெரிக்காவில் இண்டியானாவில் படித்துக்கொண்டிருந்த நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு வைத்திய மாணவர்கள். யாருடைய கண்ணில் முதலில் பார்ப்பது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்களாம், ஆல்விஸ் தோற்றார், அவர் கைக்கு ஊசி விழுந்தது. கட்டுரையைக் கண் வைத்தியப் பத்திரிகைகள் ஏற்கவில்லை. கடைசியில் 1961-இல் இரத்த ஓட்டத்தைப் பற்றிய பத்திரிகை ஒன்றுதான் பிரசுரித்தது. விழித்திரை வைத்தியத்தில் இந்தப் படம் இன்றைக்கும் பெரிதும் உதவுகிறது.

க்ஷயத்தின் நிழல்

நெருப்பை மூட்டியது யார் என்ற கேள்விக்கு வருவோம்.

ஈல்ஸ் இந்த வியாதியைப் பற்றி இரண்டாம் முறை எழுதிய 1882-ஆம் வருஷத்திலேயேதான், ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பவர் க்ஷய ரோகத்தின் கிருமியைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் பிற்பாடு எழுந்தது. ஆனால் மேல்நாடுகளில் ஈல்ஸ் வியாதி நாளடைவில் அருகிப்போயிற்று. அருகிப்போன வியாதிக்காக அவர்கள் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறார்கள்? இந்தியாவிலோ, கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் 200 முதல் 250 பேருக்கு ஒருவர் இந்த வியாதிக்காரர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. நம் வியாதிக்கு நாமே விடை தேட வேண்டியதாயிற்று.

அப்படித் தேடியவர்களில் சென்னை சங்கர நேத்ராலயத்தைச் சேர்ந்தவர்கள் முக்கியமானவர்கள். டாக்டர் பத்ரிநாத் 1978-இல் நிறுவிய அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிசாலையில், எச். என். மாதவன், ஜோதிர்மய் பிஸ்வாஸ் முதலியவர்கள், ஈல்ஸ் வியாதிக்காரர்களுக்கு ரண சிகிச்சை செய்யும்போது விழித்திரையின் மேலிருந்து உரித்தெடுத்த சவ்வுத் துண்டுகளைச் சேர்த்து வைத்தார்கள். மரபுப் பொருளின் மிகச் சொற்பமான துணுக்கையும் கோடி மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. அதைக் கொண்டு க்ஷயக் கிருமியின் அடையாளத்தைத் தேடினார்கள். 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்ட முடிவு இது: ஈல்ஸ் வியாதிக்காரரின் 23 சவ்வுகளில் 11-இல் அடையாளம் கிடைத்தது, வேறு வியாதிக்காரரின் 27 சவ்வுகளில் மூன்றில்தான் கிடைத்தது.

இதைக் கேட்டதும் "ஐயோ, பிள்ளைக்குக் க்ஷயமா!" என்று தாயார் அலற வேண்டாம். கண்ணுக்குள் கிருமி உயிரோடு பல்கிப் பெருகுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. எப்போதோ தேகத்தில் புகுந்து அடங்கிவிட்ட கிருமியின் சிதறல்களைக் கண்டு, தேகம் அளவுக்கு மீறிச் சினம் கொள்வதுதான் இந்த அழற்சி என்பது அநேக நிபுணர்களின் அபிப்பிராயம். இந்தக் கண்ணிலிருந்து பிறருக்கு எதுவும் தொற்றாது. கல்யாணச் சந்தையில் இதை ஒரு குறையாகப் பேசுவது அறியாமை.

ஆனால் சந்தேகம் இருக்கும் வரையில் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். மார்பை எக்ஸ்ரே எடுப்பது, தோலில் க்ஷயச் சோதனை ஊசி போடுவது, இரத்தத்தைப் பரிசோதிப்பது எல்லாம் அதற்காகத்தான். மேகநோய் முதலிய வேறு சில வியாதிகளும் விழித்திரைக் குழாய்களில் இதே மாதிரி நெருப்பு வைக்கக் கூடியவை. அவை ஒன்றுமில்லை என்று கண்ட பிறகே ஈல்ஸ் வியாதி என்று பெயர் சூட்டுகிறார்கள். "கண்ணுக்கு வந்தவனை மார்பைப் படம் எடுக்கச் சொல்கிறாரே, பணம் பிடுங்கத்தானே?" என்று டாக்டரைச் சந்தேகிக்கும் நேயர்கள் இதைக் கவனிக்கவும்.

க்ஷயத்தின் தடயம் கிடைத்தால், அதற்குரிய மருந்துகளை ஆறு மாதமோ அதற்கு மேலுமோ உட்கொள்ள வேண்டும். அரசாங்க நிலையங்களில் இவை இலவசம். தடயம் திட்டமாகக் கிடைக்காதவர்களுக்கும் கொடுப்பதா என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்த மருந்துகளில் எத்தாம்பியூட்டால் என்பது சிலருக்குக் கண் நரம்பையே தாக்கக் கூடியது. சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தோன்றினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நெருப்பை அணைக்கும் மருந்து

அழற்சியை அணைப்பதற்கு முதன்மையான மருந்து ஸ்டீராய்டு. அதன் பிறப்பும் கண் ஆஸ்பத்திரியில் நிகழவில்லை. 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரியில், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு ஸ்திரீக்குக் கார்ட்டிசோன் என்ற புதிய மருந்தை டாக்டர் ஹெஞ்ச் கொடுத்தார். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். ஹெஞ்சுக்கும், அவரோடு உழைத்த கெண்டாலுக்கும், தனியே ஆராய்ந்த ரைக்ஸ்டைனுக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்குள் எரியும் அழற்சியையும் அது தணிக்கிறது என்று அதே ஆண்டில் தெரியவந்தது.

அதே 1948-இல், நம் நாட்டில், ராணுவ வைத்தியப் படையிலிருந்த ஒரு தமிழ் டாக்டர் அதே மூட்டு வாதத்தினால் வேலையை விட்டு வெளியேற நேர்ந்தது. விரல்கள் கோணிப்போயின. எழுதுகோலைப் பிடிக்கவே கஷ்டப்பட்டவர், பிறகு அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கக் கற்று, லக்ஷத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு ரண சிகிச்சை செய்தார். 1976-இல், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மதுரையில் 11 படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அவர்தான் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, ஆஸ்பத்திரி, அரவிந்த். அழற்சி என்னும் வியாதி எவ்வளவு கொடியது என்பதை அவர் புஸ்தகத்தில் மட்டும் படித்தவர் அல்லர்.

ஸ்டீராய்டு அற்புதமான வேலைக்காரன். ஆனால் கூலி அதிகம் கேட்பவன். தேகத்தின் எடைக்குத் தக்கபடி பெரிய அளவில் ஆரம்பித்து, வாரந்தோறும் குறைத்துக்கொண்டு வருவது வழக்கம். முகம் உப்பும், பசி எடுக்கும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், நெடுநாள் தொடர்ந்தால் எலும்பு மெலியும், கண்ணிலேயே புரை விழும், கண் நீரின் அழுத்தம் உயரும். உள்ளே க்ஷயம் இருந்து, அதற்கு மருந்து கொடுக்காமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அடங்கிய க்ஷயம் கிளர்ந்தெழும். இவற்றையெல்லாம் கேட்டுப் பயந்து, பாதியில் தானாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இன்னும் ஆபத்து. வெளியிலிருந்து மருந்து வருவதால் தேகம் தன் சொந்த உற்பத்தியை நிறுத்தியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழவும் நேரிடலாம். இதற்கு நேர்மாறாக, பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்காக வாங்கித் தின்கிறவர்களும் உண்டு. எது அதிகம் கெடுக்கிறது என்று சொல்வது கஷ்டம்.

விழித்திரையின் மையத்தில் நீர் கோத்து எழுத்துக்கள் கோணலாகத் தெரிந்தால், மருந்தைக் கண்ணின் பக்கத்திலோ கண்ணுக்குள்ளேயோ ஊசியால் செலுத்துகிறார்கள். உள்ளே செலுத்துவதே வீக்கத்தை அதிகம் வடியவைக்கிறது என்று 2019-இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. அழுத்தம் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணுக்குள் ஊசியா என்று நடுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணை மரக்கச் செய்துவிட்டுத்தான் குத்துகிறார்கள்; கண நேரத்து வேலை.

கிருமி எதுவும் காரணமில்லாமல், தேகமே தன் கண்ணைப் பகைத்துக்கொள்ளும் அழற்சிகள் வேறு சில உண்டு. அவை வருஷக்கணக்கில் நீடிப்பவை. அத்தனை காலமும் ஸ்டீராய்டு கொடுக்க முடியாது. அதன் இடத்தில் எதிர்ப்புச் சக்தியைச் சற்று அடக்கி வைக்கும் மருந்துகளைக் கொடுக்கிறார்கள். அவற்றில் மெதொட்ரெக்ஸேட் பழையது, மலிவானது. மைக்கோபினோலேட் புதியது, விலை கூடியது. புதியதுதான் உயர்ந்தது என்று பலர் நம்பியிருந்தார்கள். மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தினமும் அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஸௌதி அரேபியா, மெக்ஸிகோ ஆகிய தேசங்களில் ஒன்பது ஆஸ்பத்திரிகள், 216 நோயாளிகள். 2019-இல் முடிவு வெளியாயிற்று. மலிவு மருந்தில் 100-க்கு 67 பேரும், விலை கூடிய மருந்தில் 100-க்கு 57 பேரும் ஸ்டீராய்டைக் குறைத்து நோய் அடங்கப் பெற்றார்கள். புதியது பழையதை வெல்லவில்லை. ஏழைத் தேசத்துக்கு இதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்? ஆனால் மெதொட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு தடவை சாப்பிடும் மருந்து. தினசரி என்று நினைத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை உறையின்மேல் கிழமையைத் தமிழில் எழுதி வைப்பது வீட்டிலுள்ளவர்களின் பொறுப்பு. கர்ப்பிணிகளுக்கு அது கூடவே கூடாது.

சூரியனைப் பார்த்துக் கெட்ட கண்

நெருப்பு அணைந்தது, ஆனால் பட்டினிப் பகுதி ஓலமிட்டுக்கொண்டிருக்கிறது, புதுக் குழாய்கள் முளைத்துவிட்டன. இப்போது லேஸர்.

1945 ஜூலை 9-ஆம் தேதி ஐரோப்பாவில் ஒரு சூரிய கிரகணம். அதை வெறுங் கண்ணால் பார்த்த ஒரு மாணவரின் விழித்திரை வெந்து தழும்பாகிவிட்டது. அந்தக் கண்ணைப் பரிசோதித்த ஜெர்மன் டாக்டர் மேயர்-ஷ்விக்கெராத்துக்கு ஒரு யோசனை உதித்தது. வெளிச்சம் விழித்திரையில் இவ்வளவு சிறிய, துல்லியமான தழும்பை உண்டாக்கும் என்றால், வேண்டிய இடத்தில் அதையே வைத்தியமாகச் செய்தால் என்ன? 1949-இல் ஹாம்பர்க் நகரில் சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பி, நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் மறைத்தால் சிகிச்சை இல்லை! பின்னர் விளக்குகள் வந்தன; 1960-இல் லேஸர் பிறந்தபின் கண் வைத்தியம் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டது. கிரகணத்தின்போது சூரியனைப் பார்க்காதே என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். பார்த்துக் கெட்ட ஒருவரால் எத்தனையோ பேருக்குக் கண் கிடைத்தது.

லேஸர், இழந்த பார்வையைத் தருவதில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள், "லேஸர் வைத்தும் பிரயோஜனமில்லை" என்று மனம் உடைந்து போகிறார்கள். அது செய்வது இதுதான்: இரத்தம் எட்டாமல் ஓலமிடும் ஓரப் பகுதியைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு மௌனமாக்குகிறது. ஓலம் நின்றால் புதுக் குழாய்கள் வதங்கிப்போகின்றன. ஓரத்தைக் கொடுத்து மையத்தைக் காப்பாற்றிக்கொள்கிற ராஜதந்திரம். இரவில் பார்வை சற்று மங்கலாம். பக்கப் பார்வை சிறிது குறுகலாம். அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது மட்டும் லேஸர் வைக்கலாகாது; முதலில் மருந்தால் அதை அடக்க வேண்டும்.

இரத்தம் மூன்று மாதமாகியும் கரையவில்லை, அல்லது நார்த் தசை விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது என்றால் ரண சிகிச்சை. ஒரு காலத்தில், விழிக்குள் உள்ள பளிங்குப் பாகைத் தொட்டால் கண் போயிற்று என்பது டாக்டர்களுக்கு வேதவாக்கு. 1970-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மாகமர் என்பவர் அதை மீறினார். பாகை நறுக்கி உறிஞ்சும்போதே, உறிஞ்சிய அளவுக்கு உப்பு நீரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும் கருவி ஒன்றை அமைத்தார். கோழி முட்டையின் வெள்ளைக் கருவை எடுத்து அவர் பழகிப் பார்த்ததாகச் சொல்வார்கள். இன்றைக்குக் கருவியின் கனம் அரை மில்லிமீட்டர்தான். பெரும்பாலும் தையலே இல்லை. நாள்பட்ட இரத்தம் மட்டும்தான் இடைஞ்சல், பின்னால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்றால், மாதக்கணக்கில் இருட்டாக இருந்த கண் கட்டுப் பிரித்த சில நாளில் கடிகாரத்தின் முள்ளைப் பார்க்கிறது. விழித்திரை பிய்ந்து நாளானவர்களுக்கு அத்தனை பாக்கியம் கிட்டுவதில்லை.

நாம் எல்லோருமே வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது ஒரு பூச்சியோ நூலோ மிதப்பதைக் கண்டிருப்போம். வயதானவர்களுக்கு அது சகஜம். ஆனால் வாலிபர் ஒருவருக்கு அது திடீரென்று தோன்றினால், பெருகினால், புகை மூட்டம் சேர்ந்தால், கண்மணியை விரித்துப் பார்க்கும் டாக்டரிடம் தாமதிக்காமல் உடனே போக வேண்டும். போகும்போது துணைக்கு ஒருவர் வேண்டும். சொட்டு மருந்தினால் நாலைந்து மணி நேரம் எழுத்துத் தெரியாது, வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. ஒரு கண்ணில்தான் உபத்திரவம் என்றாலும் இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது கண்ணில் ஈ பறப்பதற்கு முன்னாலேயே சிரைகளின்மேல் வெண்மையான உறை படர்ந்திருப்பது தெரிந்துவிடும்; பார்வை ஒரு துளியும் போகாமல் காப்பாற்றக் கூடிய தருணம் அது.

நம் கதாநாயகனை இலைக்கு முன்னால் விட்டுவிட்டு வந்தோமே! இரண்டாவது தடவை இரத்தம் கசிந்தபோது அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றவள் அதே அத்தைதான் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை சாப்பிட்டான், முகம் பூசணிக்காய் மாதிரி ஆகி, நண்பர்கள் பரிகாசம் செய்ய, பிறகு வாடி ஒழுங்காயிற்று. இரண்டு தடவை லேஸர் வைத்தார்கள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துக்கொள்கிறான். ஒரே ஓர் ஈ மட்டும் இன்னும் வலது கண்ணில் மிதக்கிறது. "அது பழைய இரத்தத்தின் சிறு துணுக்கு, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிட உட்கார்ந்ததும் வெள்ளைச் சாதத்தின்மேல் அதைத் தேடிப் பார்ப்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. ஒன்றாகவே இருந்தால் சாதத்தைப் பிசையத் தொடங்குகிறான். தாயாரும் பரிமாறிக்கொண்டே, "ஒன்றுதானே?" என்று கேட்டுக்கொள்கிறாள்.